ராக்காயியின் கல்யாணக் கோடு

"கோடு மறுபடியும் ஏறிருச்சேம்மா!"

குழந்தைவேலு தலையில் கை வைத்துக்கொண்டார். கூடத்துத் தரையில் குடும்ப மரம் விரிந்து கிடந்தது. ஒட்டிய இரண்டு நீளத் தாள்கள். ஐசி என்ற அடையாள அட்டையில் இருப்பதுபோல் ஆங்கில எழுத்தில் பெயர்கள், பெயருக்குப் பெயர் கோடு. ஜித்ராவில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கும் இடத்தில் வேலை பார்க்கும் மகள் நவமணி, ஒரு வாரமாக அங்குள்ள பிரிண்டரில் அடித்து அடித்துக் கொண்டுவருகிறாள்.

"அந்தப் பிரிண்டர் ரொம்ப சூசாப்பா, படாத பாடு படுத்துது. பேப்பரை அது பாட்டுக்கு இழுக்குது லா."

"மத்ததெல்லாம் நேரா வந்துருச்சே!"

வந்துதான் இருந்தது. முதலில் வலது தாள் முழுவதுமே கீழே இறங்கி, மாமியார் மருமகளாகி, பேரன் தாத்தாவாகி, ஏகக் குளறுபடி. தாளின் ஓரத்து ஓட்டைகளை வெளிச்சத்தில் பிடித்து, ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி ஒட்டியதும் எல்லாம் சரியாயிற்று. ராக்காயியைப் புருஷனோடு சேர்க்கும் கல்யாணக் கோடு மட்டும் அடங்கவில்லை. குழந்தைவேலுவின் சித்தப்பா பெயரில் போய்ச் சேரவேண்டியது ஒரு வரி மேலே ஏறி, அப்பா சடையன் பெயரில் முட்டிக்கொண்டு நின்றது.

"அண்ணன் பார்த்தா தொலைச்சிருவாரு. ரூலரைக் கொடு, நான் பேனாவால..."

"கை வைக்காதீங்கப்பா! அசிங்கமாயிரும்."

அவருக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. பண்டார் பாருவில் இருக்கும் முனியாண்டியின் மகன் நடராஜா, நவமணியைப் பெண் கேட்கிறான். தங்கமான பையன், இவளுக்கும் அவன்மேல்தான் உயிர். நடுவில் நந்தி மாதிரி அண்ணன் பக்கிரிசாமி.

"ராக்காயி நம்ம சித்தப்பா சம்சாரம். அவ மவன் முனியாண்டி பங்காளிடா! அவன் பையன் நம்ம புள்ளைக்கு அண்ணன் முறை. அண்ணனுக்குத் தங்கச்சியைக் கட்டுவாங்களா?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

முனியாண்டி வீட்டாரோ, ராக்காயி சடையனின் தங்கை என்று சாதிக்கிறார்கள். ராக்காயி பண்டார் பாருவுக்குப் போனபோது குழந்தைவேலு தொட்டில் பிள்ளை. அவருக்கு என்ன தெரியும்? தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஊரார் பெயரையெல்லாம் எழுதிய பக்கிரிசாமியின் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. முனியாண்டி தன் மூத்த மகளின் கல்யாணப் பத்திரிகையில் அண்ணனின் பெயரைப் போடாமல் விட்டானே, அந்தக் கோபம்தான் இப்படிப் பேச வைக்கிறதோ என்று குழந்தைவேலுவுக்கு ஒரு சந்தேகம். ஆனால் அண்ணனிடம் வாய் திறப்பாரா என்றால், மாட்டார்.

வாசலில் கார் வந்து நின்றது. பக்கிரிசாமி இறங்கினார். கூடவே மனைவி மருதம்மாள், பின்னால் உறவு சனம். அவருடைய எழுபதாவது பிறந்தநாள் விருந்தில் மாட்டப்போகும் படம். அவரே சொல்லச் சொல்ல எழுதியது. அடுத்தவர் பிழையைச் சுட்டிக்காட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. உட்காரும் முன்பே கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"என்னம்மா இது? ராக்காயி கோடு எங்கப்பா மேல வந்து நிக்குது?"

"சறுக்கிருச்சு பெரியப்பா. ஒரு கோடுதானே, அப்படியே மண்டபத்துல மாட்டிருவோம் லா. யாரு பார்க்கப் போறா?"

மருதம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஏங்க, உங்கப்பாவுக்கு ரெண்டு சம்சாரமா? இத்தனை வருசமா மூச்சு விடலையே நீங்க!"

கூடமே கொல்லென்று சிரித்தது. பக்கிரிசாமியின் முகம் கடுகடுத்தது.

"வாயைக் கழுவுடி! ராக்காயி எங்கப்பாவோட கூடப்பொறந்த தங்கச்சி! ஒரே வயித்துல பொறந்தவங்களைப் புருசன் பொண்டாட்டின்னு மண்டபத்துல மாட்டுவீங்களா? கண்ணு அவிஞ்சு போயிரும்!"

"தங்கச்சியா?" மருதம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "அப்போ ராக்காயி உங்களுக்கு அத்தை. முனியாண்டி அத்தை மவன், உங்க மச்சான். அப்புறம் எங்கேருந்து வந்தான் பங்காளி?"

"அது வந்து..."

"வரவும் வேணாம், போகவும் வேணாம். மச்சான் பையன் நம்ம நவமணிக்கு முறை மாப்பிள்ளையா இல்லையா? அதைச் சொல்லுங்க!"

பக்கிரிசாமி படத்தையும் கூடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சொன்னது அவர் வாய், கேட்டது கூடம் நிறைய சனம். இனி எப்படி மாற்றுவது?

குழந்தைவேலுவுக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ! "அண்ணே, வெள்ளிக்கிழமை பண்டார் பாரு போறோம். தாம்பாளத்தை நீங்கதான் தூக்கணும். பத்திரிகையில உங்க பேருதான் முதல்ல."

பக்கிரிசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டார்.

"எழுத்து பெருசா இருக்கணும்," என்றார்.

மருதம்மாள் போட்ட குலவை தெருக்கோடி வரை கேட்டது. குழந்தைவேலுவுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. எல்லாரும் சாப்பிட உட்கார்ந்ததும் மகளை அடுப்படிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"உன் பிரிண்டருக்கு ஒரு மாலை வாங்கிப் போடணும்மா! சமயம் பார்த்துச் சறுக்குச்சு பாரு! ஆனா மண்டபத்துல மாட்ட நேரான படம் வேணுமே. இனிமே எப்ப அடிச்சு, எப்ப ஒட்டுறது?"

நவமணி அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு சுருளை எடுத்து விரித்தாள். கோடுகள் எல்லாம் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தன. சடையனுக்குத் தங்கையாக ராக்காயி. கீழே, நவமணிக்கும் நடராஜாவுக்கும் நடுவே கச்சிதமாக ஒரு கல்யாணக் கோடு.

"முதல்ல அடிச்சது இதுதான்ப்பா, ஒரே தடவையில வந்துருச்சு," என்றாள். "அதைக் கோணலாக்கத்தான் ஒரு வாரம் ஆச்சு."