வாசலில் நீலச் செருப்பு

புதுப்பட்டினம் மாதா கோவிலுக்குப் பின்னால் இருக்கும் சிறிய அறையின் மேல் மாலை வெயில் சாய்ந்து விழுகிறது. கடற்காற்றில் ஜன்னல் திரை உப்பி உப்பி அடங்குகிறது. செங்கல்பட்டிலிருந்து வியாழன்தோறும் வரும் கவுன்சிலிங் மேடம் உள்ளே இருக்கிறார். இந்த ஊருக்கு அவர் ஒருவர்தான். வாசலில் கிடக்கும் செருப்பை வைத்தே உள்ளே யார் என்று ஊர் கண்டுபிடித்துவிடும்; அதனால் வருகிறவர்கள் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டுதான் நுழைவார்கள். ஜெசிந்தாவும் துணிப்பையை அணைத்தபடி வெறுங்காலோடு நிற்கிறாள். ஆனால் இன்று படியின் நடுவில் ஒரு ஜோடி நீலச் செருப்பு பளபளக்கிறது. தங்கை ஜெனிட்டாவுடையது. வீட்டில் எல்லோருக்கும் அவளைத்தான் பிடிக்கிறது என்று சொல்லி அழத்தான் ஜெசிந்தா இங்கே வருகிறாள். மீன்கூடையோடு போகும் ரேணுகா நிற்கிறாள். "இன்னாடி, தங்கச்சிக்குக் காவலா? அது தெகிரியமா செருப்ப வுட்டுட்டு உள்ள பூந்துகிச்சு. நீ இன்னா பையில, கருவாடா வச்சிகினு கீற?" உள்ளே சிரிப்பு கேட்கிறது. முதலில் ஜெனிட்டாவுடையது, அதன் மேலேயே மேடத்துடையது. ஜெசிந்தா பேசும்போது மேடம் தலையசைத்திருக்கிறார், தண்ணீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். ஒருநாளும் இப்படிச் சிரித்ததில்லை. பைக்குள் கையை விட்டு, வார் தேய்ந்த தன் செருப்பை வெளியே எடுக்கிறாள். நீலச் செருப்பின் மேலேயே அதை வைக்கிறாள். ரேணுகா பார்த்துக்கொண்டே இருக்கிறாள். ஊர் பார்த்தால் பார்க்கட்டும். கதவு திறந்ததும் மேடம் பார்க்க வேண்டும்.