நன்றி மட்டும் சொல்லலாம்

'ஒரு கமாவைக்கூடத் தொடாதீர்கள். அப்படியே அச்சுக்குக் கொடுங்கள்' என்று போனில் தட்டி அனுப்பிவிட்டு, பத்ரிநாத் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"என்னன்னா, அழறேளா?" என்று கேட்டபடி கோமளம் காப்பியோடு வந்தாள். நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் வர முடிந்தது. அச்சகத்திலிருந்து வந்திறங்கிய கணவரின் நாவல், அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக ஹாலில் விட்டத்தை முட்டிக்கொண்டு நின்றது.

"ஸ்ரீரஞ்சனி தன்னோட நாவலை குரூப்ல போட்டிருக்கா. அதுக்குத்தான் ரெண்டு வார்த்தை எழுதினேன்."

"எந்த ஸ்ரீரஞ்சனி? உங்களை ஒரு வாரம் ரசம்கூட இறங்காம அடிச்சாளே, அவளா?"

"அவளேதான்."

பெங்களூரில் கதை எழுதும் தமிழர்கள் ஒருவரை ஒருவர் கிழித்துத் தோரணம் கட்டிக்கொள்வதற்கென்றே ஏற்பட்ட வாட்ஸ்அப் குழு அது. பெயர் 'கத்தரிக்கோல்'. அங்கே விதி ஒன்றுதான்: எழுதியவர் எதிர்த்துப் பேசக்கூடாது. எப்பேர்ப்பட்ட அடி விழுந்தாலும் 'நன்றி' மட்டும் சொல்லலாம்.

போன வருஷம் பத்ரிநாத் தன் நாவலின் முதல் அத்தியாயத்தைப் போட்டார். 'இந்தக் கதாநாயகனைக் கொசுகூடக் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் கடிக்கிறது. இது நாவல் இல்லை. ரிடையரான இன்ஜினியர் தனக்குத் தானே வாசித்துக்கொண்ட பிரிவுபசார உரை' என்று எழுதினாள் ஸ்ரீரஞ்சனி.

'நன்றி' என்று பதில் போட்டார் பத்ரிநாத். அப்போது அவர் பல்லைக் கடித்த சத்தத்தில் ஜெயநகர்க் காக்கைகள் அத்தனையும் ஓசூர் வரை பறந்து போய்விட்டுத் திரும்பின. அன்றிரவு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். நாவலையும் அத்தோடு மூட்டை கட்டியிருப்பார், அதே குழுவிலிருந்த ஜீவனஹள்ளி சங்கமித்ரா மட்டும் இல்லாவிட்டால்.

அந்தப் பெண்ணுக்கு எழுத்தறிவித்ததே தான்தான் என்பது அவர் எண்ணம். அவளுடைய முதல் கதைக்கு, 'கேஸ் சிலிண்டர் புக் ஆனதாக வரும் மெசேஜில்கூட இதைவிட உணர்ச்சி இருக்கும்' என்று எழுதி வழிகாட்டியிருந்தார். 'நன்றி சார்' என்றவள் ஒரு மாதம் குழுவில் தலைகாட்டவில்லை. திரும்பி வந்தபோது என்னமாய்ப் பக்குவப்பட்டிருந்தாள்!

அவர் நாவலை அத்தியாயத்துக்கு அத்தியாயம் அவள் கொண்டாடினாள். ஒவ்வொரு பாராட்டையும் அவர் கோமளத்துக்குப் படித்துக் காட்டினார். 'காவியம் சார். யாரு என்ன சொன்னாலும் ஒரு எழுத்தைக்கூட மாத்திடாதீங்க. சீக்கிரம் புக்கா போடுங்க' என்று முடித்தாள். அவரும் மாற்றவில்லை, போட்டுவிட்டார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வெளியீடு. பழைய ஆபீஸ் மொத்தத்துக்கும் அழைப்பு போயிருந்தது. சர்வீஸ் முழுக்க 'உனக்கு ஒரு ஆபீஸ் நோட்டுகூட எழுத வரலையேப்பா' என்று சொல்லிச் சொல்லியே அவரைக் கூனவைத்த சீஃப் இன்ஜினியர் ரகுராம்தான் முதல் பிரதியை வாங்கப் போகிறார். மேடையில் அந்த மனிதரின் முகம் போகும் போக்கைப் பார்ப்பதற்காகவே பத்ரிநாத் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"போறது, அவளை மன்னிச்சுட்டேளே. பெரிய மனசுதான்" என்று டம்ளரை நீட்டினாள் கோமளம்.

"மன்னிப்பாவது மண்ணாங்கட்டியாவது. அவ நாவல் சுத்தக் குப்பை, கோமளி." பத்ரிநாத்தின் தொப்பை குலுங்கியது. கண்ணில் வழிந்தது சிரிப்புக் கண்ணீர் என்று அப்போதுதான் கோமளத்துக்குப் புரிந்தது.

"அப்பறம் எதுக்கு ஒரு கமாவைக்கூடத் தொடாதேன்னு எழுதினேள்?"

"அங்கதான் இருக்கு சூட்சுமம். குறை சொன்னா உட்கார்ந்து திருத்திண்டுடுவா. தலைமேல தூக்கி வெச்சுண்டு ஆடினா? குப்பை குப்பையாவே அச்சுக்குப் போகும். ஊரைக் கூட்டி வெளியிடுவா. வந்தவா எல்லாம் படிச்சுட்டு வருஷக்கணக்கா சிரிப்பா. நம்மளை அழவெச்சவாளைப் பழிவாங்கணுமா, பாராட்டிடணும். கத்தி வேண்டாம், ரத்தம் வேண்டாம்."

கோமளம் சிரிக்கவில்லை. தரையிலிருந்து விட்டம் வரை அட்டைப்பெட்டிகளை ஒரு தரம் நிதானமாகப் பார்த்தாள்.

"ஏன்னா, அந்த சங்கமித்ராவை நீங்க எப்போ அழவெச்சேள்?"