வரப்புக்கு அந்தப் பக்கத்துப் பூ

இன்னொரு பிஞ்சும் மஞ்சளாகிவிட்டது.

அவள் குனிந்து தொட்டாள். கையோடு வந்துவிட்டது.

கோலிக்குண்டு அளவு. நுனியில் வாடிய பூ.

தண்ணீரில் குறையில்லை. உரத்தில் குறையில்லை. கொடியெல்லாம் பூ. தேனீயும் வந்து போகிறது. போன மாசியில் இதே நிலத்தில் இதே விதையில்லாத் தர்பூசணிதான்; கொடிக்குக் கொடி காய் நின்றது.

இப்போது நிற்காத பிஞ்சு சித்திரை வெயிலுக்குப் பழமாகாது. இந்த ரகம்தான் வேண்டும் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்றவள் அவள்.

விதைக்கடைக்காரர் போனில் சொன்னார். விதையில்லாக் கொடியின் ஆண்பூ பார்வைக்குத்தான் பூ. அதன் மகரந்தத்துக்கு உயிர் கிடையாது. விதையுள்ள கொடி ஒரு வரிசையாவது பக்கத்தில் பூத்தாக வேண்டும். தேனீ அங்கே பொடியை அள்ளி இங்கே உதறினால்தான் பிஞ்சு தங்கும். அதனால் பழத்தில் விதை வந்துவிடாது, பயப்பட வேண்டாம். போன வருஷம் அந்த வரிசையைப் போட்டிருப்பீர்களே என்றும் கேட்டார்.

அவள் போடவில்லை.

வரப்பைப் பார்த்தாள்.

அந்தப் பக்கம் ஓரகத்தி அஞ்சலாட்சியின் நிலம். போன வருஷம் அங்கே விதையுள்ள தர்பூசணி. வியாபாரி அஞ்சலாட்சியின் குவியலைத் தாண்டி இவள் குவியலுக்கு வந்தபோது இவள் சிரித்தாள். அதைத் தின்றால் துப்பித் துப்பியே வாய் வலிக்கும் என்று, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

இந்த வருஷம் அஞ்சலாட்சி மல்லாட்டை போட்டுவிட்டாள். அந்த நிலக்கடலைப் பூவால் தர்பூசணிக்கு ஆவது ஒன்றுமில்லை.

அந்தச் சொல்லோடு இருவருக்கும் பேச்சும் நின்றுவிட்டது.

ஆனால் அஞ்சலாட்சி வீட்டுக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடுகிற இடத்தில், ஒரு கொடி கிடக்கிறது. யாரும் நட்டதில்லை. தின்றுவிட்டுத் துப்பியது முளைத்து, வேலி வரை படர்ந்து பூத்திருக்கிறது.

மறுநாள் விடிந்ததும் அங்கே போய் நின்றாள். பூ வேண்டும் என்றாள், எதற்கென்றும் சொன்னாள்.

அஞ்சலாட்சி தேய்த்துக்கொண்டிருந்த குண்டானிலிருந்து நிமிரவில்லை.

"நாங்க துப்புனதுதான் அது. பரவாயில்லையா?"

"அதுதாங்க்கா வேணும்."



அஞ்சலாட்சி குண்டானைக் கழுவிக் கவிழ்த்தாள். கொடியருகே போனாள். அடியில் பிஞ்சில்லாத ஆண்பூவாகப் பார்த்துப் பறித்து முறத்தில் போட்டாள்.

அவள் முறத்தை வாங்கக் கை நீட்டினாள்.

அஞ்சலாட்சி கொடுக்கவில்லை. இடுப்பில் இடுக்கிக்கொண்டு தர்பூசணி நிலத்தை நோக்கி நடந்தாள்.

வேலை எளிதுதான். ஆண்பூவின் இதழைப் பின்னால் மடக்கி, பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவ வேண்டும். வெயில் ஏறினால் பொடி கெட்டுவிடும். அதற்குள் அத்தனை கொடியையும் ஒரு ஆளால் முடிக்க முடியாது. ஒருத்தி பூ எடுத்துக் கொடுக்க வேண்டும், ஒருத்தி தடவ வேண்டும்.