வெளிச்சம் எந்தப் பக்கம்

மூணாறு எஸ்டேட் ஆஸ்பத்திரியின் சின்ன அறையில், கண் பரிசோதனைக்காக ஜன்னல்களைப் போர்வையால் மூடியிருக்கிறார்கள். வெளியே, ஆப்ரேசனுக்கு ஆட்களை ஏற்றிப்போக ஒரு ஜீப் உறுமிக்கொண்டு நிற்கிறது. ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் செல்வலட்சுமியின் விரல் வெடிப்புகளில் தேயிலைக் கொழுந்துக் கறை இன்னும் போகவில்லை. சர்க்கரை நோய் அவளுடைய இடது கண்ணைப் போன வருடமே எடுத்துக்கொண்டது. வலது கண் மங்கியபோது, வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்களே என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கண்ணுக்குள்தான் டாக்டர் பூபதிராஜா குனிந்து பார்க்கிறார். கொழிஞ்சாம்பாறைத் தென்னந்தோப்புக்காரரின் மகன். கிழிந்த விழித்திரைகளை ஒட்டவைத்தே தலை நரைத்தவர். இந்த விழித்திரை முழுவதும் கழன்று சுருங்கிக் கிடக்கிறது. வெளிச்சம் வரும் திசையாவது தெரிந்தால்தான் ஆப்ரேசனால் பயன் உண்டு. டார்ச்சை அவளுக்கு இடப்பக்கமாகப் பிடிக்கிறார். “வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்குதுங்கம்மா?” “இந்தா, இங்கிட்டுத்தான் சார்,” என்று அவள் வலப்பக்கம் காட்டுகிறாள். பின்னால் நிற்கும் கணவன் மொக்கையன் அவள் முழங்கையைப் பிடித்து மெல்ல இடப்பக்கம் திருப்புகிறான். “ஆப்ரேசன் பண்ணிரலாம்ல சார்? அவளுக்குத் தெரியுது.” டாக்டர் டார்ச்சை மேலே கொண்டுபோகிறார். “கைய விட்ருங்கண்ணா.” மொக்கையன் விடுகிறான். அவள் கை அந்தரத்தில் தனியாக அலைகிறது. “இருங்க சார், சொல்லிர்றேன்,” என்கிறாள். டாக்டர் டார்ச்சை அணைத்துவிடுகிறார். கை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.