முதல் கலைமான்

வண்டியின் முன்மூடிமேல் வேட்டை வழிகாட்டி இஷ்பெல் மூன்று தோட்டாக்களை வைத்தாள். மூன்றும் ஒரே துப்பாக்கிக்கு உரியவைதான்.

"இதுல எதை எடுப்பீங்க, சொல்லுங்க பார்ப்போம்."

அறுபது வயது வரை மெக்கே துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஊசிமுனையோடு பளபளத்த ஒன்றின்மேல் விரலை வைத்தார்.

அவள் சிரித்துவிட்டாள். "வர்றவங்க எல்லாருமே அதைத்தான் தொடுவாங்க. அது குறி பழகக் காகிதத்தைச் சுட, சார். முனை கெட்டி. மானுக்குள்ள இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் போயிடும். மான் ஓடிடும். எங்கேயோ போய்க் கெடந்து, நாள்கணக்கா துடிச்சுச் சாகும்."

"அப்ப இந்தக் குட்டை?"

"அது நரிக்கு. மேல்தோல்லயே சிதறிடும். இதோ, முனையில ஈயம் தெரியுது பாருங்க, இதுதான் நமக்கு. உள்ள போனதும் விரியும். என்னன்னு தெரியறதுக்குள்ள மானுக்கு முடிஞ்சிடும்."

அவருக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது.

"இன்னொரு தரம் சொல்லேன்" என்றார்.

அவள் சலிக்காமல் மறுபடி சொன்னாள். அவர் தோட்டாவைப் பார்க்கவில்லை. பேசும்போது அவள் இடது புருவம் மட்டும் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் அவர் தன் பெயர் மெக்கே என்று சொன்னபோதும் அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஸ்காட்லாந்தின் அந்த வடகோடியில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு மெக்கேயின் தலையில்தான் விழும்.

தோட்டா மாறினால் குறியும் மாறும் என்று, அந்த ஈயமுனைத் தோட்டாவாலேயே மண்மேட்டில் ஒட்டிய காகிதத்தைச் சுடவைத்தாள். முதல் வெடியில் தோள்பட்டை கழன்றுவிட்டது போலிருந்தது. இன்னும் சில வெடிகள். கடைசியில் ஒன்று வட்டத்துக்குள் விழுந்தது.

"முதல் தடவைங்கிறீங்க? புளுகுதானே!"

அந்தக் கேலிக்காக அவர் இன்னும் ஒரு பெட்டித் தோட்டாவைச் சுட்டிருப்பார்.

மலையேறினார்கள். மேலே போனதும் காற்றுக்கு எதிராக, ஈரப் புதர்களுக்குள் வயிற்றால் ஊர்ந்தார்கள். சட்டைக் கழுத்து வழியாகத் தண்ணீர் இறங்கியது. அவர் முகத்துக்கு முன்னால் அவள் பூட்ஸின் அடிப்பாகம் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஊர்ந்தார்.

ஒரு பாறையின் மறைவில் ஓட்ஸ் ரொட்டியைப் பிட்டுப் பாலாடைக்கட்டியோடு நீட்டினாள்.

"இந்த வயசுல எதுக்கு சார் இந்த ஆசை? வீட்டுல திட்டலையா?"

"திட்ட யாரும் இல்லை."

அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். இதுதான் நேரம் என்று பட்டது அவருக்கு. ரயிலில் வரும் வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம் ஒன்று இருந்தது. வாயைத் திறந்தார்.

மேட்டுக்கு அப்பால், இணைசேரும் பருவத்துக் கலைமான் ஒன்று கர்ஜித்தது.

அவள் விரலை உதட்டில் வைத்தாள். வாக்கியம் உள்ளேயே போயிற்று.

எட்டிப் பார்த்தபோது, பெண்மான்களைச் சுற்றி நடைபோட்டுக்கொண்டிருந்தது அது. பக்கவாட்டில் திரும்பி நின்றது. அவள் அவர் காதருகே வந்து கிசுகிசுத்தாள்.

"முன்னங்கால் வழியா மேல வாங்க. உடம்புல கீழேயிருந்து மூணுல ஒரு பங்கு. அங்கதான். மூச்சைப் பாதி விட்டு நிறுத்துங்க. அவசரமே இல்ல."

அந்த அவசரமின்மை முடியாமலே இருக்கட்டும் என்று ஒரு கணம் நினைத்தார். பிறகு சுட்டார்.

மான் இரண்டு எட்டு வைத்துச் சாய்ந்தது.

அவர் துப்பாக்கியைக் கீழே வைத்தார். சந்தோஷமாக இல்லை. இஷ்பெல் மானின் பக்கத்தில் மண்டியிட்டு, அதன் கண்ணைத் தொட்டுப் பார்த்து, கழுத்தடியில் கத்தியை இறக்கினாள். ரத்தத்தில் விரலைத் தோய்த்தாள்.

"முதல் மானுக்கு இது உண்டு, சார். கண்ணை மூடுங்க."

குளிர்ந்த விரல், சூடான ரத்தம். நெற்றியில் ஒரு கோடு. ஒரு கன்னம். மறு கன்னம்.

விரல் போன பிறகும் அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"கண்ணுல பட்டுடுச்சா?"

"காத்து" என்றார்.

"இதை அப்பாதான் பிள்ளைக்கு வைக்கிறது எங்க வழக்கம். எனக்கு யாரு? நான் கைக்குழந்தையா இருந்தப்பவே நடுக்கடல் எண்ணெய்க் கிணத்து வேலைக்குப் போனவரு, கடலோட போயிட்டாருன்னு அம்மா சொல்லும்." கத்தியைப் புல்லில் துடைத்தாள். "முதல் மான் அன்னிக்கு நானே வெச்சுக்கிட்டேன். கோணலா!"

கடலோடு.

மெக்கே மெதுவாகக் குனிந்து, தன் விரலை நனைத்துக்கொண்டார்.

"குனி, கண்ணு."

வேடிக்கையான கிழவர் என்று நினைத்திருப்பாள். சிரித்தபடியே தொப்பியைக் கழற்றித் தலையைத் தாழ்த்தினாள். அவர் கோணாமல் வைத்தார்.

"உனக்கு இஷ்பெல்னு பேரு வெச்சது யாரு?"

"அவருதான். அந்தப் பேரு ஒண்ணுதான் அவரு எனக்கு வெச்சுட்டுப் போனது."

இப்போது இரண்டு என்று நினைத்துக்கொண்டு, மெக்கே மானின் ஒரு கொம்பைப் பிடித்தார். இன்னொன்றை அவள் பிடித்தாள். இருவருமாகக் கீழே இழுத்துக்கொண்டு போனார்கள்.