டென்பியை யார் மறிப்பது?

“ஷூவைக் கழட்டாதீங்கக்கா! விடுங்க, நான் ஆடத்தான் போறேன்” என்று காலை இழுத்துக்கொண்டான் ஜாரெட்.

டோரீன் மெதுவாக அவன் காலை மறுபடியும் மடிமேல் வைத்துக்கொண்டாள். பிராக்கன்ஷா ரக்பி கிளப்பில் டீ போடுவது, ஜெர்சி துவைப்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது எல்லாம் அவள்தான். ஆனால், ஆட்டத்துக்கு முன்னால் அவள் உடைமாற்றும் அறைக்குள் காலெடுத்து வைப்பதில்லை. பெண் கால்பட்டால் தோல்வி என்று அப்பன் பாட்டன் காலத்திலிருந்து ஊரில் ஒரு நம்பிக்கை.

இன்றைக்குப் போய் இவள் உள்ளே வந்திருக்கிறாளே என்று ஜாரெட் அவளையே பார்த்தான்.

“நான் பயப்படறேன்னு கோச் சொல்லி அனுப்பினாரா?”

“இல்லடா கண்ணு. கொஞ்ச நேரம் அசையாம உக்காரு.”

பயம் இல்லாமல் எப்படி இருக்கும்? நாலு வருஷத்துக்கு முன்னால், அணிக்குப் பதிமூன்று பேர் தேறாமல், பாரில் குடித்துக்கொண்டிருந்தவர்களைக் கையைப் பிடித்து இழுத்து வந்து ஆட வைத்த கிளப் இது. கடைசி டிவிஷனில் கடைசி இடம். அங்கிருந்து வருஷத்துக்கு ஒரு படியாக ஏறி வந்தாகிவிட்டது. இன்றைக்கு மில்கார்த் அணியை ஜெயித்தால் தேசிய லீக். தோற்றால், நன்றாக ஆடுகிற பாதிப் பேர் வேறு கிளப்புக்குப் போய்விடுவார்கள். மறுபடியும் பாரில் ஆள் பிடிக்க வேண்டியதுதான்.

மில்கார்த்தில் டென்பி இருக்கிறான். நூற்றிருபது கிலோ. போன வருஷம் ஜாரெட்டின் தோள் எலும்பை முறித்தவன். அவன் பந்தை அணைத்துக்கொண்டு, கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுக்க ஓடி வந்தால், குறுக்கே பாய்ந்து சாய்க்க வேண்டியது ஜாரெட்டின் வேலை.

“மிக், டென்பி வந்துட்டானா?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சக ஆட்டக்காரன் மிக்குக்குத் தூக்கத்தில்கூட வாய் மூடாது. இப்போது தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“வந்தான் மாப்ளே.”

“எப்படி இருக்கான்?”

“பீரோவுக்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கான்.”

ஜாரெட் சிரித்தான். மிக் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

மூலையில் கோச் க்ளிஃப் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். எதிரணியைத் திட்டித் திட்டியே தொண்டை கட்டிப்போன மனுஷன். அவர் தோள் குலுங்கியது.

“அவனை உள்ள இறக்கியிருக்கவே கூடாது” என்றார், யாருக்கோ சொல்வதுபோல.

“என்ன கோச் இப்படிப் பேசறீங்க? என்னை விட்டா வேற யாரு இருக்கா?”

“யாரும் இல்லடா. யாரும் இல்லைன்னுதான்...”

இவரே நம்மை நம்பவில்லை என்று ஜாரெட்டுக்குச் சுருக்கென்றது. பேச்சை மாற்றப் பார்த்தான்.

“ஏன்க்கா, ஜெர்சி துவைக்கலையா? சேறு அப்படியே இருக்கு. நாறுது பாருங்க!”

“மறந்துட்டேன்டா” என்றாள் டோரீன். பதினெட்டு வருஷத்தில் ஒரு வாரம்கூட அவள் மறந்ததில்லை.

பக்கத்து பாரிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. மேஜையைத் தட்டித் தட்டிப் பாடினார்கள்.

“மில்கார்த்காரனுங்களா? அதுக்குள்ளயே கொண்டாட ஆரம்பிச்சுட்டானுங்களா? திமிரைப் பாரு மிக்!”

மிக் எழுந்து போய்க் கதவை இறுக்கிச் சாத்திவிட்டு வந்தான்.

எல்லோரும் எதையோ மறைக்கிறார்கள். தன்னை வெளியே உட்கார வைக்கப் போகிறார்கள். ஜாரெட் சட்டென்று எழுந்தான். முழங்கால் துணிபோல மடிந்தது. மிக் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தான்.

“பாத்தீங்களா, கால் எப்படி நடுங்குதுன்னு?” ஜாரெட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. “உங்ககிட்ட மறைச்சு என்னக்கா? நிஜமாவே பயமா இருக்கு. டென்பியை நான் விட்டுட்டா நாலு வருஷ உழைப்பும் போச்சு. அப்புறம் ஊரார் முகத்துல எப்படி முழிப்பேன்? ஆனாலும் நான் இறங்கறேன். டைம் ஆச்சுல்ல, கிளம்பலாமா?”

டோரீன் அவன் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள்.

“நீ டென்பியை விடலடா ராஜா. தலையில அடிபட்டு விழுந்த உன்னை, மாத்து ஆள் இல்லைன்னு முகத்துல ஈரப் பஞ்சைத் தேய்ச்சு க்ளிஃப் திரும்ப அனுப்பினாரு. கடைசி நிமிஷத்துல நீதான் டென்பியைக் கோட்டுக்கு ஒரு அடி முன்னால சாய்ச்சே. ஆட்டம் முடிஞ்சு அரை மணி ஆச்சு, நாம ஜெயிச்சுட்டோம், ஆம்புலன்ஸ் வந்துட்டே இருக்கு... இதை உனக்கு இப்ப ஆறாவது தடவையா சொல்றேன்.”