மேல் வீட்டு சிக்னல்

இன்றைக்கும் இணைப்பு அறுந்துவிட்டது. திரையில் மேலாளர் ஹெடாவின் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றது.

மறுபடி இணைப்பு வந்தபோது ஹெடா சிரிக்கவில்லை.

"இல்வா, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வீட்லேர்ந்து வேலை பாத்தது போதும். ஸ்டாக்ஹோம் ஆபீசுக்கே வந்துடு."

தினமும் ஸ்டாக்ஹோம் போனால், மகளைப் பாலர் பள்ளியிலிருந்து யார் கூட்டி வருவது?

இல்வா மடிக்கணினியில் வைஃபை பட்டியலைத் திறந்தாள். அவளுடைய வைஃபையின் பெயருக்குக் கீழேயே எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு பெயர். முழு சிக்னல். அவளுடைய அலைவரிசையிலேயே வந்து, அவளுடைய இணைப்பை இடறிக்கொண்டு சட்டமாக உட்கார்ந்திருந்தது.

வேறு யார்? மேல் வீட்டு டோர்கெல்தான். அவர் குடிவந்ததும் இலையுதிர் காலத்தில், இந்தத் தொல்லை ஆரம்பித்ததும் அப்போதுதான்.

அலைவரிசையை அவளே மாற்றிக்கொண்டிருக்கலாம். ஏன் மாற்ற வேண்டும்? எட்டு வருஷமாக இங்கே இருப்பவள் அவள். நேற்று வந்தவரல்லவா ஒதுங்கிப் போக வேண்டும்?

அந்தக் கட்டடத்தில் யாரும் கதவைத் தட்டிச் சண்டை போடுவதில்லை. கீழே, எல்லோரும் துணி துவைக்கும் அறையில் காகிதம் ஒட்டுவார்கள். இல்வாவும் ஒட்டினாள்.

'மூன்றாம் மாடி டோர்கெலுக்கு: உங்கள் வைஃபை என் பிழைப்பைக் கெடுக்கிறது. அணைத்துவிட்டால் நல்லது. நன்றி.' பக்கத்தில் ஒரு சிரித்த முகமும் வரைந்தாள்.

மாலைக்குள் நான்கு பேர் அதன் அடியில் 'சரியாகச் சொன்னீர்கள்' என்று எழுதியிருந்தார்கள்.

டோர்கெலிடமிருந்து பதில் இல்லை. மேலேயிருந்து அவ்வப்போது 'தொம்' என்று சத்தம்தான் வந்தது. சிக்னலும் அப்படியே இருந்தது. தரையை உதைத்துப் பதில் சொல்கிறான், என்ன திமிர் என்று இல்வா பொருமினாள்.

வெள்ளிக்கிழமை ஹெடாவிடம் பேசுவதற்கு முன்னால் சோதித்துப் பார்த்தாள். மறுபடி அறுந்தது. அதற்கு மேல் பொறுக்கவில்லை. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறி மணியை அழுத்தினாள்.

டோர்கெலின் முழங்காலில் கட்டு. அவருக்குப் பின்னால், நடையிலிருந்து படுக்கையறை வரை நீல வயர் ஒன்று குறுக்கே கிடந்தது.

"ஒரு பொத்தானை அமுக்கறது உங்களுக்கு அவ்வளவு கஷ்டமா?" என்றாள்.

"இன்னும் சரியாகலையா?" அவர் முகம் வாடியது. "காகிதத்தைப் பாத்த அன்னைக்கே வைஃபையை அணைச்சுட்டேனே. இப்ப எனக்கு எல்லாமே வயர்லதான். அப்பப்ப தடுக்கி விழுந்துடறேன். சத்தம் கேட்டிருந்தா மன்னிச்சுக்கங்க."

"பொய் சொல்லாதீங்க. இதோ பாருங்க."

திரையைத் திருப்பப் போனவள் நின்றாள். அந்தப் பெயர் இருந்தது. ஆனால் சிக்னல் ஒரே ஒரு கோடு. அவர் வீட்டு வாசலில் நிற்கும்போது முழுசாக அல்லவா இருக்க வேண்டும்?

திரையைப் பார்த்தபடியே படியிறங்கினாள். இறங்க இறங்க கோடுகள் கூடின. அவளுடைய வீட்டுக்குள் நுழைந்ததும் முழு சிக்னல்.

நடையிலிருந்த அலமாரியைத் திறந்து குளிர்காலக் கோட்டுகளை விலக்கினாள். இலையுதிர் காலத்தில் புது வைஃபை பெட்டி வந்தபோது திருப்பி அனுப்புவதற்காக அவள் வைத்திருந்த பெயரை அழித்து ஓரமாக வைத்த பழைய பெட்டி, பச்சை விளக்கோடு சிமிட்டிக்கொண்டிருந்தது. அதை அணைக்கக்கூட அவள் மறந்திருந்தாள்.

பிளக்கைப் பிடுங்கினாள். திரையிலிருந்து அந்தப் பெயர் மறைந்தது.

மேலே மறுபடி 'தொம்' என்று சத்தம். இந்தத் தடவை வலித்தது இல்வாவுக்கு.